மஞ்சள் முக்கோணத்தைக் கண்டதும் டிரைவர் தேடாதீர்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது. அதற்குக் கொஞ்ச காலம் முன்பிருந்தே பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் எங்கள் பழுதுபார்க்கும் கடைக்கு ஒரே மாதிரியான கணினிகள் வந்தபடி இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய மதர்போர்டு, அதில் தெரிந்தவர் யாராவது ஏற்றிக் கொடுத்த விண்டோஸ் 11, கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் இரண்டு மூன்று இடத்தில் மஞ்சள் முக்கோணம். பாகத்தை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருளில் ஏதோ குறை என்பதற்கான அடையாளம் அது. முக்கோணம் இருந்தபோதும் கணினி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதை எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று கண்ட இடத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்ட பிறகுதான் படுத்திருக்கும்.

பிறையிலும் நிபோங் திபாலிலும் ஜார்ஜ்டவுனிலும் பழைய கணினியை வைத்துத் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர். டியூஷன் சென்டர், கல்யாணப் பத்திரிகை அச்சகம், நாலு பேர் உட்காரும் கணக்காளர் அலுவலகம். புதுசு வாங்குங்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், பணம் அவர்களுடையது. அதனால், பழைய சிப்செட்டை, அதாவது மதர்போர்டில் பாகங்களை இணைக்கும் சிப்பை, வைத்துக்கொண்டு புது விண்டோஸில் எதுவரை போகலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

சிப்செட் டிரைவர் என்று எல்லோரும் சொல்லும் இன்டெல் தொகுப்பைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே பெரும்பாலும் ஐஎன்எஃப் என்ற சிறு எழுத்துக் கோப்புகள்தான் இருக்கும். வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவது மாதிரியான வேலை அவற்றுக்கு. இந்த எண் கொண்ட சாதனத்தின் பெயர் இது, இதற்குத் தனியாக ஒன்றும் வேண்டாம், அல்லது விண்டோஸிலேயே இருக்கும் டிரைவரைப் போட்டுக்கொள் என்று சொல்லும், அவ்வளவுதான். ஆகவே ‘சிப்செட் டிரைவர் பழசு, அதனால்தான் கணினி மெதுவாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், பழைய இன்டெல் போர்டைப் பொறுத்தவரை அநேகமாக அது தப்பு.

இதில் பலரைப் பயமுறுத்துவது தேதி. அந்த இன்டெல் சாதனங்களின் டிரைவர் தேதியைப் பார்த்தால் 1968 ஜூலை 18 என்று இருக்கும். அது இன்டெல் நிறுவனம் தொடங்கப்பட்ட நாள். 1972இலேயே பினாங்கில் தொழிற்சாலை போட்ட நிறுவனம். நம் வீடுகளிலேயே பாயான் லெப்பாஸில் அங்கே வேலை பார்த்தவர்கள் உண்டு. வேண்டுமென்றேதான் அந்தத் தேதியைப் போடுகிறார்கள். போர்டு தயாரித்தவர் இதே சாதனத்துக்குச் சிறப்பாக ஒரு டிரைவர் கொடுத்திருந்தால், பொதுவான இந்தக் கோப்பு அதன்மேல் ஏறி உட்காரக் கூடாது என்பதற்காக. மைக்ரோசாஃப்ட்டின் சொந்த டிரைவர்களில் 2006 ஜூன் 21 என்று இருப்பதும் இதே காரணத்தால்தான். இந்த விவரம் தெரியாத ஆளிடம் ‘உங்கள் டிரைவர் மிகப் பழையது, உடனே மாற்றுங்கள்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டிக் காசு கேட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் வரும் இவற்றை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

பிறையிலிருந்து ஒரு டியூஷன் டீச்சர் கொண்டுவந்த கணினி இதற்கு நல்ல உதாரணம். எச்61 போர்டு, அதாவது 2011இல் வந்த சிப்செட். டிவைஸ் மேனேஜரில் ‘எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்’, ‘பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்’ என்று இரண்டு மஞ்சள் முக்கோணம். அதை எடுக்கத்தான் ஒரு அப்டேட்டரைப் போட்டிருக்கிறார்.

“அந்தக் குறி அப்படியேதான் இருக்கு தம்பி. இப்ப இண்டர்நெட்டும் வரல” என்றார்.

அது நெட்வொர்க் டிரைவரைத் தவறான ஒன்றால் மாற்றிவிட்டிருந்தது. பிரவுசரில் கேட்காத விளம்பரங்கள் வேறு. “டீச்சர், அந்த ரெண்டு குறியாலயும் உங்க கணினிக்கு ஒரு நஷ்டமும் இருந்திருக்காது” என்று சொன்னபோது அவருக்கு வருத்தம்தான் மிஞ்சியது.

நெட்வொர்க்குக்கு, முந்தைய டிரைவருக்கே திரும்பும் ‘ரோல் பேக் டிரைவர்’ ஒன்றே போதுமாக இருந்தது. அப்புறம் அந்த இரண்டு குறிகளையும் முறைப்படி பார்த்தோம். நீங்களும் இதையே செய்யலாம். முக்கோணம் போட்ட பெயரின்மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் டீட்டெயில்ஸ், கீழே விரியும் பட்டியலில் ஹார்ட்வேர் ஐடிஸ். அங்கே நீளமாக ஒரு வரி வரும். அதில் முதலில் இருப்பது தயாரித்தவரின் எண், அடுத்தது சாதனத்தின் எண். 8086 என்றால் இன்டெல். 1022 என்றால் ஏஎம்டி. 1106 வியா, 1039 சிஸ். டீச்சருடைய கணினியில் இன்டெல்லின் 1சி22, 1சி3ஏ என்ற இரண்டு எண்கள் இருந்தன. முதலாவது போர்டுக்குள் வெப்பமானி, ரேம் விவரம் போன்றவற்றோடு பேசும் சின்னப் பாதை. அதற்குப் பெயர்ப்பலகைக் கோப்பு மட்டும் போதும். இரண்டாவது மேனேஜ்மென்ட் எஞ்சின் எனப்படும், சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் சிறு கட்டுப்பாட்டுப் பகுதி.

எண் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடங்கள் மூன்றுதான். முதலில் விண்டோஸ் அப்டேட்டிலேயே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ஆப்ஷனல் அப்டேட்ஸ். பழைய போர்டுகளுக்கான டிரைவர் பெரும்பாலும் இங்கேதான் யாரும் பார்க்காமல் காத்திருக்கிறது. அடுத்து போர்டு தயாரித்தவரின் சொந்தத் தளத்தில் உங்கள் மாடலின் பக்கம். விண்டோஸ் 11 என்று இல்லாவிட்டால் 10, அதுவும் இல்லாவிட்டால் 8.1, எதுவானாலும் 64 பிட். கடைசியாக மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக். அதில் அந்த ஹார்ட்வேர் எண்ணையே போட்டுத் தேடலாம். இன்டெல் 2019 இறுதியில் தன் மிகப் பழைய போர்டுகளுக்கான பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்), டிரைவர் கோப்புகளைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அதனால் மிகப் பழைய போர்டுக்கு இந்தக் கேட்டலாக்தான் கைகொடுக்கிறது. இந்த மூன்றிலும் கிடைக்காத டிரைவர் நாலாவது இடத்தில் கிடைக்கிறது என்றால் அதை நான் தொடுவதில்லை. நீங்களும் தொட வேண்டாம்.

இறக்கிய செட்டப் ‘இந்த விண்டோஸுக்கு ஆதரவு இல்லை’ என்று மறுக்கலாம். கம்பாட்டிபிலிட்டியில் விண்டோஸ் 7 அல்லது 8 என்று தேர்ந்தெடுத்து ஓட்டினால் பல சமயம் ஏறிவிடும். ஆனால் அது ஏமாற்றுவது செட்டப்பின் பதிப்புச் சோதனையை மட்டும்தான். உள்ளே இருக்கும் டிரைவர் ஒத்துவராது என்றால் அப்போதும் ஒத்துவராது. எனக்குப் பிடித்த வழி, செட்டப்பை ஓட்டாமல் 7-ஜிப் என்ற மென்பொருளை வைத்துப் பிரித்துவிடுவது. பிறகு டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் கொடுத்து, கணினியிலேயே தேடு என்று அந்த ஃபோல்டரைக் காட்டினால், தேவையான ஐஎன்எஃப் மட்டும் ஏறும். கூடவே வரும் தேவையற்ற புரோகிராம்கள் வராது. டீச்சருடைய எஸ்எம் பஸ் இப்படித்தான் சரியானது.

மேனேஜ்மென்ட் எஞ்சின் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். விண்டோஸ் 10 வந்த புதிதில் பல பழைய மடிக்கணினிகள் ஷட்டவுன் கொடுத்தாலும் அணையாமல், ஸ்லீப்பிலிருந்து எழாமல் தொல்லை கொடுத்தன. காரணம், அப்டேட்டில் வந்த 11ஆம் பதிப்பு மேனேஜ்மென்ட் எஞ்சின் டிரைவர். அதை எடுத்துவிட்டு 9 அல்லது 10ஆம் பதிப்பைப் போட்டதும் சரியாயின. பழைய சாதனத்துக்கு அதன் காலத்து டிரைவர்தான் பொருத்தம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. யூஎஸ்பி 3.0 விஷயமும் இப்படியே. 2012இல் வந்த 7 வரிசைச் சிப்செட்டுக்கு இன்டெல் கொடுத்த யூஎஸ்பி 3.0 டிரைவர் விண்டோஸ் 7க்கு மட்டுமானது. விண்டோஸ் 8 முதல் யூஎஸ்பி 3.0 டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆகவே பழைய டிரைவரைப் புது விண்டோஸில் திணிக்க ஒரு காரணமும் இல்லை.

ஏஎம்டியின் ரைசன் பிராசசருக்கான போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே சிப்செட் டிரைவருக்கு உண்மையிலேயே வேலை உண்டு. விண்டோஸ் 11 வந்த 2021 அக்டோபரில் ரைசன் கணினிகள் சில வேலைகளில் மந்தமானபோது, தீர்வின் ஒரு பாதி அப்டேட்டிலும் மறு பாதி ஏஎம்டியின் புதிய சிப்செட் டிரைவரிலும்தான் வந்தது. அதை ஏஎம்டியின் தளத்திலிருந்து நேரே எடுத்துப் போடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர் பக்கம் போகும்போதுதான் உண்மையான ஆபத்து. டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்பதற்கு பயாஸில் ஏஹெச்சிஐ, ரெய்டு என்று ஒரு தேர்வு இருக்கும். விண்டோஸ் ஒன்றில் ஏறியிருக்கும்போது இன்னொன்றுக்கு மாற்றினால் அடுத்த தடவை நீலத்திரைதான், ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்று. மாற்றியே ஆக வேண்டுமானால் முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில், அவசியமான டிரைவர்களோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் எழும்படி வைத்துவிட்டு, பிறகு பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுந்து, அதன்பின் சேஃப் மோடை எடுத்துவிட வேண்டும். பயாஸைத் தொடுவதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் ரெக்கவரி கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே மற்றது. அந்த 48 இலக்க எண் இல்லாமல் பூட்டிக்கொண்ட டிஸ்க்கைத் திறக்க என்னாலும் முடியாது, வேறு எந்தக் கடையாலும் முடியாது. கணக்கு ஆண்டு முடியும் நேரத்தில் இப்படி வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

இனி கையெழுத்து விஷயம். இங்கே என் மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். விண்டோஸின் 64 பிட் பதிப்புகள் விஸ்டா காலத்திலிருந்தே யார் தயாரித்தது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத கெர்னல் டிரைவரை, அதாவது விண்டோஸின் மையப் பகுதிக்குள் ஓடும் டிரைவரை, ஏற்பதில்லை. 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து, புதிய கெர்னல் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட்டின் கையெழுத்தே வேண்டும் என்றாகிவிட்டது. டிவைஸ் மேனேஜரில் 52 என்ற பிழை எண் வந்தால் இதுதான் சங்கதி. வெறும் 28 என்றால் டிரைவர் போடவில்லை என்று மட்டும் பொருள். 52 வந்ததும் சிலர் கணினியை, கையெழுத்துச் சோதனையைத் தளர்த்தும் டெஸ்ட் மோடில் விட்டுவிடுகிறார்கள். அதற்கு, நம்பகமான மென்பொருளை மட்டும் வைத்துக் கணினியை எழவிடும் செக்யூர் பூட்டையும் அணைக்க வேண்டும். திரையின் வலது கீழ்மூலையில் ‘டெஸ்ட் மோட்’ என்ற வாசகம் நிரந்தரமாக நிற்கும் கணினிகளில் பெற்றோர்கள் கட்டும் டியூஷன் பணத்தின் வங்கிக் கணக்கு திறந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. யார் வேண்டுமானாலும் தாங்களே கையெழுத்திட்ட டிரைவரும் கெர்னலுக்குள் நுழையக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், ஒரு மஞ்சள் முக்கோணத்துக்காக. விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷனில் இருக்கும், கெர்னலைக் காக்கும் மெமரி இன்டெக்ரிட்டியை ஒரு பழைய டிரைவர் தடுத்தால், எந்தக் கோப்பு தடுக்கிறது என்று அங்கேயே பெயர் காட்டும். அநேகமாக எப்போதோ தூக்கிப்போட்ட ஸ்கேனருடையதாக இருக்கும். அதை நீக்குங்கள், பாதுகாப்பை அணைக்காதீர்கள்.

எதைச் செய்யும் முன்பும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர்களைப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் பிஎன்பியூட்டில் கட்டளை இதைச் செய்யும். குறிப்பாக நெட்வொர்க் டிரைவர். அது இல்லாவிட்டால் மற்றதை இறக்க வழியே இருக்காது.

சில போர்டுகளோடு போராடுவதில் பயனில்லை. என்விடியா என்ஃபோர்ஸ் சிப்செட் வைத்த போர்டுகளுக்கு டிரைவர் விண்டோஸ் 7 காலத்தோடு நின்றுபோனது. கோர் 2 டியோ வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பை எந்தக் குறுக்கு வழியில் ஏற்றினாலும் அது எழவே எழாது. அதற்குத் தேவையான கட்டளைகள் அந்த பிராசசரிலேயே இல்லை. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றில் விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் போட்டால் ஓடும், ஆனால் அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அப்படிப்பட்டவர்கள் விண்டோஸ் 10இலேயே இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கு மூலம் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் கிடைக்கும். அதற்குள் பணம் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது லினக்ஸ் மிண்ட் போன்ற ஒன்றைப் பென்டிரைவில் ஓட்டிப் பார்க்கலாம். பிரவுசரும் ஆவணமும் போதும் என்பவர்களுக்கு எச்61 போர்டு இன்னும் நன்றாகவே உழைக்கும்.

ஜார்ஜ்டவுனில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அண்ணன் ஒருவருடைய நிலைமை இன்னும் சிக்கல். அவருடைய ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தின் கார்டுக்கு 32 பிட் டிரைவர் மட்டும்தான் உண்டு. 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. இயந்திரம் என்னவோ குறை சொல்ல முடியாத நிலையில் இருக்கிறது. அதனால் பழைய கணினியை விண்டோஸ் 7இலேயே விட்டு, நெட்வொர்க் வயரைக் கழற்றி, வயர்லெஸ்ஸையும் பயாஸிலேயே அணைத்தோம். டிசைனும் மின்னஞ்சலும் வங்கி வேலையும் வேறொரு கணினியில். நடுவில் போய்வரும் பென்டிரைவை ஒவ்வொரு தடவையும் புதுக் கணினியில் ஸ்கேன் செய்த பிறகே பழையதில் செருக வேண்டும் என்று கடையில் வேலை செய்யும் பையனுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.