எட்டாவது மூலை ஏன் வாய் பிளக்கிறது?

சதுரச் சட்டம் அடித்துப் பழகிய கைதான் அறுங்கோணத்தில் முதலில் தப்பு செய்யும். மரவேலை பழக என்னிடம் வந்தவர்கள் பலர் இந்த இடத்தில் இடறியிருக்கிறார்கள். நானும் இடறியவன்தான்.

சதுரத்தின் உட்கோணம் 90 டிகிரி, பாதி 45. கோணம் திருப்பி வைத்து அறுக்கும் ரம்பத்தை 45-இல் வைத்து அறுத்தால் மூலை கச்சிதமாக உட்காரும். 'உட்கோணத்தில் பாதி' என்று மனதில் பதிந்துவிடும். அடுத்து அறுங்கோணம் வருகிறது. உட்கோணம் 120, பாதி 60. ஆனால் பல ரம்பங்கள் 60 வரை திரும்பவே திரும்பாது. அங்கேதான் ஆள் முழிப்பார்.

ரம்பத்தின் அளவுகோல் பூஜ்யத்தில் இருந்தால் மரம் நேர்வெட்டாக அறுபடும். அந்த நேர்வெட்டிலிருந்து எவ்வளவு சாய்கிறோம் என்பதைத்தான் அதிலுள்ள எண் காட்டுகிறது. முனை 60 டிகிரியாக வேண்டுமென்றால் 30-இல் வைக்க வேண்டும். சதுரத்தில் மட்டும் இரண்டு கணக்குமே 45 ஆகிவிடுவதால் தப்பு வெளியே தெரிவதில்லை.

அதனால் நான் உட்கோணத்தை எடுப்பதே இல்லை. சட்டத்தின் விளிம்பில் ஓர் எறும்பு ஒரு சுற்று வந்தால், பக்கம் எத்தனை இருந்தாலும் மொத்தம் 360 டிகிரி திரும்பியிருக்கும். மூலைக்கு இரண்டு வெட்டு. ஆக, 180-ஐப் பக்க எண்ணிக்கையால் வகுத்தால் போதும். ஐந்துக்கு 36, ஆறுக்கு 30, எட்டுக்கு 22.5. ஏழுக்கு 25.71 என்று முடிவில்லாமல் போகும். ஏழு பக்கம் கேட்பவரிடம் எட்டாக்கிக்கொள்ளலாமா என்று கெஞ்சிப் பார்ப்பேன்.

சரி, எண்ணைச் சரியாக வைத்தாயிற்று. எண்கோணத்துக்கு 16 வெட்டு. வெட்டுக்குக் கால் டிகிரி குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஏழு மூலையையும் ஒட்டி முடித்து எட்டாவதுக்கு வரும்போது 4 டிகிரி வாய் பிளந்து நிற்கும். பிளவு வெளிப்பக்கம் என்றால் சாய்வு குறைச்சல், உள்பக்கம் என்றால் அதிகம். பட்டை போட்டு இறுக்கிவிட்டால் மூடிக்கொள்ளும்; பின்னொரு நாள் எங்காவது விட்டுக்கொடுக்கும்.

கோணம் சரியாக இருந்தும் நீளம் ஒரு மில்லிமீட்டர் மாறினால் அதே கதிதான். நீளம் மாறாதபடி ரம்பத்தின் பக்கத்தில் ஒரு கட்டையை முட்டாகப் பொருத்தி, எல்லாத் துண்டையும் அதே முட்டுக்கு வைத்துத்தான் அறுக்க வேண்டும்.

இப்போதெல்லாம் நாலு நாலு பக்கமாக இரண்டு பாதிகளைத் தனித்தனியாக ஒட்டுகிறேன். ஒரு பாதியின் இரண்டு முனை முகங்களும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். நேரான ஒரு பட்டியை வைத்துப் பார்த்து, வராவிட்டால் இழைப்புளியால் இரண்டு தள்ளு. அப்புறம்தான் பாதிகளைச் சேர்ப்பேன்.