ஈயச் சொம்பும் கார் பேட்டரியும்

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய் ஐந்து மாதம் கழித்துத் திரும்பிய ஸ்ரீரங்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். போர்டிகோவில் உறை போட்டு நிறுத்திய கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக்டக்டக்டக்’ என்று சத்தம் மட்டும். கண் பட்டிருக்கும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்ல, முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாராம். வண்டி நகராததால் பழம் இரண்டும் நசுங்காமல் அப்படியே இருக்கின்றன.

எலுமிச்சையைக் குறை சொல்ல மாட்டேன். செம்புக் கம்பியும் துத்தநாக ஆணியும் செருகினால் அதுவும் ஒரு பேட்டரிதான், ஏறக்குறைய ஒரு வோல்ட் தரும். சக்கரத்தடியில் வைத்தால் சாறுதான் தரும்.

அந்த ‘டக்டக்’ ஒருவகையில் நல்ல சேதி. செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச் மூடிக்கொள்கிறது. மோட்டார் உடனே நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கிறது. இளைத்துப்போன பேட்டரியின் வோல்ட் சட்டென்று சரிய, காந்தம் பிடியை விடுகிறது. சுமை போனதும் வோல்ட் ஏறி, காந்தம் மறுபடி பிடிக்கிறது. விநாடிக்குப் பல தடவை இதே கதை. ஆக, பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது அதன் முனைகளில் பூத்த வெள்ளைப்பொடி வழியை அடைக்கிறது.

ஓடாத வண்டியில் மின்சாரத்தை யார் குடித்தது? கடிகாரம், அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் பூட்டு. எல்லாம் சேர்ந்து 30 மில்லிஆம்பியர் என்று வைத்தால் நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி 48 நாளில் காலி. காலியாகும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. மாவுபோல இருக்கும்வரை சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். மாதக்கணக்கில் விட்டால், ஆடாமல் வைத்த பனம்பாகில் கற்கண்டு விளைவதுபோல் இறுகிவிடும்.

இதுவரை உங்கள் மெக்கானிக்கே சொல்வார். எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான்.

பிரான்சின் காஸ்டன் பிளாண்டே 1859இல் செய்த பேட்டரியின் வாரிசுதான் இது. அறைக்கு 2.1 வோல்ட், ஆறு அறை. அந்த 2.1 எங்கிருந்து வருகிறது? பேட்டரித் தகடுகளில் இருப்பது காரீயம். தமிழில் காரீயம், வெள்ளீயம் இரண்டுமே ஈயம். தனிம அட்டவணையிலும் ஒரே நெடுவரிசையில் ஒன்றன்கீழ் ஒன்று. வெள்ளீயச் சொம்பில் ரசம் வைக்கிறோம், அதை வைத்துக் கார் பேட்டரி மட்டும் ஏன் இல்லை?

காரீயத்தின் அணுக்கருவில் 82 புரோட்டான்கள், வெள்ளீயத்தில் 50. 82 பேர் சேர்ந்து இழுக்கும் இழுப்பில், காரீயத்தின் உள்வட்ட எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தில் சுமார் 60 சதவீத வேகத்தில் திரிகின்றன. அங்கே ஐன்ஸ்டைனின் சார்பியல் வந்துவிடுகிறது. எலக்ட்ரான் கனக்கிறது, அதன் வட்டம் சுருங்குகிறது. இந்தச் சுருக்கம் வெளிவட்டம் வரை எட்டி, அங்குள்ள நான்கில் இரண்டு எலக்ட்ரான்களைக் கருவோடு நெருக்கிக் கட்டிப்போடுகிறது. பேட்டரியின் பிளஸ் தகட்டில் இருக்கும் ஈய டை ஆக்சைடில் காரீயம் அந்த இரண்டையும் பறிகொடுத்து நிற்கிறது. எப்படியாவது திரும்பப் பிடுங்கத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் வோல்ட்!

ஸ்வீடனின் உப்சாலா, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து 2011இல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வரை சார்பியலின் உபயம். அதைக் கழித்தால் ஆறு அறைக்கும் சேர்த்து இரண்டு வோல்ட் சொச்சம்தான். இதனால் என்ன லாபம் என்று கேட்கும் நிதிக் குழுக்களிடம் இப்படிப்பட்ட ஆய்வு முதல் சுற்றிலேயே அடிபடும். எனக்கோ படித்த நாளிலிருந்து சாவி திருப்பும்போதெல்லாம் ஒரு சிலிர்ப்பு.

சரி, உங்கள் காருக்கு வருவோம். பானெட்டைத் திறந்து எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி முனைகளைத் துடையுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கேபிள். சிவப்பு, பிளஸ்ஸுக்குப் பிளஸ். கறுப்பின் ஒரு முனை அவர்கள் பேட்டரியின் மைனஸில். மறுமுனையைக் கடைசியாக, உங்கள் பேட்டரியை விட்டுத் தள்ளி, இன்ஜினின் வெற்று உலோகத்தில் மாட்டுங்கள். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கலாம், அங்கே பொறி கூடாது. கிளம்பியதும் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். மறுநாள் காலை மறுபடி ‘டக்டக்’ என்றால் கற்கண்டு விளைந்துவிட்டது, புது பேட்டரிதான்.

பேரனின் பிறந்தநாளுக்குப் போகும்முன் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸ் முனையைக் கழற்றி வையுங்கள். திரும்பி வந்து கடிகாரத்தில் நேரம் வைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.