உச்சி வெயிலில் படம் போனால் ஸ்பேனரை எடுக்காதீர்கள்

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், மேகமே இல்லாத வானத்தில் டிவி படம் கட்டம் கட்டமாக உடையும். சில நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். இதுதான் சன் அவுட்டேஜ். 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வருகிறது. அதன் ரேடியோ இரைச்சலும் டிஷ்ஷுக்குள் கொட்டுவதால் சிக்னல் அமுங்கிப்போகிறது.

சென்னையில் மார்ச் 15, செப்டம்பர் 28 வாக்கில் இது உச்சம். டெல்லியில் மார்ச் 8, அக்டோபர் 5 வாக்கில். 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் நிற்கும் ஜிசாட்-30 செயற்கைக்கோளை நோக்கிய டிஷ்ஷுக்கு, சென்னையில் பகல் 12 மணியை ஒட்டி வரும். 108 டிகிரி செயற்கைக்கோளுக்குக் காலை 10 மணிவாக்கில்.

வீட்டு மாடியிலுள்ள 60 செ.மீ. டிஷ் சுமார் 3 டிகிரி அகலத்துக்கு வானத்தைப் பார்க்கிறது. அரை டிகிரி சூரியன் அதில் சிறு பங்குதான். பல வீடுகளில் படம் தப்பித்துவிடும். கேபிள் ஆபரேட்டரின் 3.7 மீட்டர் சி-பேண்ட் அலைவரிசை டிஷ்ஷின் பார்வை ஒன்றரை டிகிரிக்குள். அங்கே அடி பலமாக விழும், ஊருக்கே படம் போகும்.

செட்டாப் பாக்ஸின் சிக்னல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஸ்ட்ரெங்த் அப்படியே இருக்க, குவாலிட்டி மட்டும் சரிந்தால் சூரியன்தான். மழையில் இரண்டும் இறங்கும். கேபிளோ, டிஷ் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பியோ போயிருந்தால் இரண்டும் விழுந்து கிடக்கும், தானாக எழாது. இது தெரியாமல் போல்ட்டைத் தளர்த்தி இரண்டு டிகிரி திருப்பிவிட்டால், பத்து நிமிடத் தொல்லை நாள்கணக்கில் நீளும்.

இந்த நாள்களால் ஒரு லாபமும் உண்டு. படம் உடையும் அதே நிமிடம் மாடிக்குப் போய் டிஷ்ஷின் முகத்தைப் பாருங்கள். தென்னை மட்டையின் நிழலோ தண்ணீர்த் தொட்டியின் நிழலோ அதில் விழுந்தால், வருடம் முழுக்க சிக்னலை மறைப்பது அதுதான். எந்தக் கிளையை வெட்டுவது என்று இதைவிடத் துல்லியமாக எந்த மீட்டரும் காட்டாது.

துருப்பிடித்த டிஷ்ஷுக்குப் பளபளக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டாம். வெயில் குவிந்து எல்என்பி மூடி உருகும். மேட் பெயிண்ட்தான் சரி.

விசாட் எனும் செயற்கைக்கோள் இணைப்பில் ஓடும் ஏடிஎம்களுக்கு இரண்டு முறை அடி. உங்கள் ஊர் டிஷ்ஷுக்கு ஒரு நேரம், ஹப் எனும் மைய நிலையம் இருக்கும் ஊருக்கு வேறு நேரம். நீங்கள் சென்னையிலும் ஹப் டெல்லியிலும் இருந்தால், மார்ச்சில் ஒரு வாரம் முன்னதாகவும் இலையுதிர் பருவத்தில் ஒரு வாரம் பின்னதாகவும் இணைப்பு அறும். அன்று உங்கள் டிஷ்ஷில் எந்தக் குறையும் இருக்காது. சன் அவுட்டேஜ் அட்டவணை வாங்கும்போது இரண்டு ஊர் நேரத்தையும் கேட்டு வாங்குங்கள்.