கொன்சோ மொழியில் 'பி' (b) என்று எழுதியிருந்தால் எப்படிப் படிப்பது?

எத்தியோப்பியாவின் தென்மேற்கில், காரட் ஊரைச் சுற்றிய வறண்ட மலைகளில் வாழும் கொன்சோ மக்களை வெளியுலகம் அறிந்திருப்பது அவர்களுடைய கல் வரப்புகளால்தான். மலைச்சரிவு முழுக்கக் கல் அடுக்கி, படிப்படியாக நிலம் திருத்தி, அதில் சோளம் விளைவிப்பவர்கள். 2011-இல் யுனெஸ்கோ அந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த வரப்புகளுக்குக் கொஞ்சமும் குறையாத வேலைப்பாடு அவர்கள் பேசும் மொழியிலும் இருக்கிறது, ஆனால் அதைப் பற்றிப் பேசுபவர்கள் ரொம்பக் குறைவு. சோமாலி, ஓரோமோ மொழிகளைப் போல இதுவும் குஷிட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது, பேசுபவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

முதலில் ஒலிகளைப் பார்ப்போம். ஒரு கையைத் தொண்டையில், குரல்வளை துருத்தி நிற்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'பாபு' என்று சொல்லும்போது வருகிற முதல் ஒலியைச் சொல்வதற்காக உதடுகளை மூடுங்கள். நாம் சாதாரணமாகப் பேசும்போது நுரையீரலிலிருந்து காற்று மேலே வந்து மூடிய உதட்டுக்குப் பின்னால் அழுத்தம் கூடும், உதட்டைத் திறந்ததும் காற்று வெளியே பாயும். கொன்சோக்காரர் இந்த இடத்தில் வேறொன்று செய்கிறார். உதடு மூடியிருக்கும்போதே, குரல் நாண்கள் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே, குரல்வளை முழுவதையும் கீழே இறக்குகிறார். சிரிஞ்சின் தண்டைப் பின்னால் இழுப்பது போலத்தான், வாய்க்குள் இருக்கும் இடம் பெரிதாகி அழுத்தம் குறைகிறது. உதடு திறக்கும் நொடியில் காற்று வெளியே வெடிப்பதற்குப் பதில் உள்நோக்கி லேசாக நகரும், அல்லது எந்தப் பக்கமும் பெரிதாகப் பாயாது. இதுதான் உள்வெடிப்பு ஒலி. மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே பேசுவது என்று நினைத்துவிடக் கூடாது, நுரையீரல் எப்போதும் போலத்தான் இருக்கிறது, வேலையெல்லாம் குரல்வளையுடையது. கையை வைத்துக்கொண்டு செய்து பார்த்தால் குரல்வளை சட்டென்று இறங்குவது விரலுக்கே தெரியும்.

இந்த ஒலியைக் கொன்சோ நான்கு இடங்களில் வைத்திருக்கிறது. ஒன்று உதட்டில், ஒன்று நாக்கு நுனியில், ஒன்று நடு அண்ணத்தில், கடைசியாக ஒன்று உள்நாக்குப் பக்கத்தில். முதல் இரண்டும் உலகத்தில் பல மொழிகளில் இருக்கின்றன. உள்நாக்கில் வருவதுதான் அபூர்வம். அதற்குக் காரணம் உடற்கூறிலேயே இருக்கிறது. குரல் நாண்கள் அதிர வேண்டுமென்றால் அவற்றின் வழியே காற்று மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும், போன காற்றுக்கு வாய்க்குள் இடமும் வேண்டும். உதட்டில் அடைத்தால் வாய் முழுவதும் காலியாக இருக்கிறது, கன்னம் கூட விரிந்து கொடுக்கும். உள்நாக்கில் அடைத்தால் அதற்கும் குரல் நாண்களுக்கும் நடுவில் ஒரு சின்னப் பொந்துதான் மிச்சம், கண் மூடித் திறப்பதற்குள் அது நிரம்பிவிடும். சாதாரண ஒலிகளிலும் இதே கதைதான். தாய்லாந்து மொழியிலும் டச்சு மொழியிலும் 'பம்பரம்' என்பதன் நடுவில் வரும் 'ப' இருக்கிறது, 'பந்தயம்' என்பதன் நடுவில் வருவதற்கு நெருக்கமான ஒலியும் இருக்கிறது, ஆனால் 'தங்கம்' என்பதன் நடுவில் வரும் அந்த 'க' அவற்றின் சொந்தச் சொற்களில் இல்லை. தொண்டையை நெருங்க நெருங்க ஒலி விலை கூடிப்போகிறது. அப்படியிருந்தும் கொன்சோ உள்நாக்கு ஒலியை விடாமல் வைத்திருக்கிறது.

இருக்கும் ஒலிகளைப் போலவே இல்லாத ஒலிகளும் முக்கியம். அம்ஹாரிக், ஓரோமோ உட்பட எத்தியோப்பியாவின் பல மொழிகளில் குரல்வளையை மேலே தள்ளிக் காற்றைச் சுள்ளென்று வெளியேற்றும் ஒலிகள் உண்டு. கொன்சோவில் அவை இல்லவே இல்லை, அது குரல்வளையைக் கீழே இறக்கும் வழியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, ஆங்கிலத்தில் இருப்பது போன்ற சாதாரண பி, டி, ஜி (b, d, g) வரிசையும் அதில் கிடையாது. 'பல்' என்பதன் முதல் ஒலி போன்ற ஒன்று இருக்கும், அதற்கு எதிராக உள்வெடிப்பு ஒன்று இருக்கும், நடுவில் வேறெதுவும் இல்லை. எழுத்து விஷயத்துக்கு வரும்போது இந்த வெற்றிடம் பெரிய உதவியாக அமைந்துவிட்டது.

கொன்சோவை எத்தியோப்பிய எழுத்திலும் எழுதியிருக்கிறார்கள், லத்தீன் எழுத்திலும் எழுதுகிறார்கள். எத்தியோப்பிய எழுத்து அழகானது, பழமையானது, நம் உயிர்மெய் போலவே ஒவ்வொரு மெய்க்கும் ஏழு உயிர் வடிவங்கள் கொண்டது. ஆனால் கொன்சோவுக்கு வேண்டிய இரண்டு விஷயங்கள் அதில் சரியாக உட்காருவதில்லை. கொன்சோவில் அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் குறில் நெடில் உண்டு. எத்தியோப்பிய எழுத்தின் ஏழு வடிவங்களோ குறில் நெடிலாகப் பிரிக்கப்பட்டவை அல்ல. அடுத்தது மெய் இரட்டிப்பது. அம்ஹாரிக்கில் 'அலெ' என்றால் 'சொன்னான்', 'அல்லெ' என்றால் 'இருக்கிறது'. இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள், படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். படு, பட்டு இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் இருந்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! கொன்சோவில் இது சொல் குழப்பத்தோடு நிற்பதில்லை, இலக்கணத்துக்குள்ளும் போகிறது. வினையடியின் தொடக்கத்தைத் திரும்பச் சொன்னால் செயல் பல முறை நடந்தது என்று பொருள், கடைசி மெய்யை இரட்டித்தால் ஒரே முறை நடந்தது என்று பொருள். அந்த இரட்டிப்பு ஏட்டில் காணாமல் போனால் எத்தனை முறை நடந்தது என்ற செய்தியும் சேர்ந்து காணாமல் போகும்.

லத்தீனில் இந்தத் தொல்லை இல்லை, உயிர் நீண்டால் இரண்டு முறை எழுது, மெய் இரட்டித்தால் இரண்டு முறை எழுது, அவ்வளவுதான். அப்புறம் முன்னால் சொன்ன வெற்றிடம். சாதாரண பி, டி ஒலிகள் மொழியில் இல்லாததால் அந்த எழுத்துகள் சும்மா கிடந்தன, அவற்றையே உதடு, நாக்கு நுனி உள்வெடிப்புகளுக்குக் கொடுத்தாயிற்று. அண்ண ஒலிக்கு ஜே, உள்நாக்கு ஒலிக்கு கியூ. புள்ளியும் இல்லை, கொக்கியும் இல்லை. எக்ஸ் எழுத்து, தொண்டையை ஒட்டி உரசி வரும் ஒலிக்கு, கிட்டத்தட்ட காலித் என்ற பெயரை உருதுக்காரர்கள் சொல்லும்போது முதலில் கேட்கிற ஒலி. கொன்சோ மக்கள் தங்கள் பெயரைச் சொல்லும்போதும் முதலில் வருவது இதுதான், 'க' அல்ல.

பக்கத்து ஓரோமோவும் 1991 முதல் லத்தீனைத்தான் அதிகாரபூர்வமாகப் பயன்படுத்துகிறது, ஆனால் அங்கே எக்ஸ் என்றால் குரல்வளையை மேலே தள்ளிச் சொல்லும் ஒரு 'த', கியூ என்றால் அதே வகை 'க'. இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரே எழுத்துக்கு இரண்டு தொண்டை அசைவுகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். குழப்பம்தான், ஆனால் எழுத்துக்கென்று பிறவியிலேயே ஒட்டிய ஒலி எதுவும் இல்லாததால் இதில் தப்பும் இல்லை. இந்தியாவில் சிந்தி மொழியிலும் நான்கு உள்வெடிப்பு ஒலிகள் உண்டு. அங்கே சாதாரண ப, ட, ஜ, க ஒலிகளும் கூடவே இருப்பதால் தேவநாகரியில் எழுத அடிக்கோடு போட்ட நான்கு புது எழுத்துகள் வேண்டியிருந்தன, அவை கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் சேர 2006 வரை ஆனது. கொன்சோவில் பள்ளிப் பாடம் தட்டச்சு செய்ய உட்காருகிறவருக்கு அந்தக் காத்திருப்பு தேவைப்படவில்லை, சாதாரண ஆங்கில விசைப்பலகையே போதுமானதாக இருக்கிறது.