வெல்லம் தின்றால் பஞ்சுத் தூசி போகாது

கோவை வட்டாரத்து நூற்பாலை ஒன்றில், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமில் 19 ஆண்டுகள் வேலை செய்த ஒருவர், சென்ற வாரம் ஏழு எக்ஸ்ரே படங்களுடன் என் அறைக்கு வந்தார். "படத்துல ஒண்ணுமில்லைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க, ஆனா மாடி ஏற முடியலைங்க" என்றார். பிசினோசிஸ் என்னும் பஞ்சுத் தூசி நோய் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதை மருத்துவர்களாகிய நாங்களே மறந்துவிடுகிறோம். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகி, அடுத்தடுத்த நாள்களில் தளர்கிறதா என்று கேட்டிருந்தால், பத்தாண்டுகளுக்கு முன்பே நோய் பிடிபட்டிருக்கும்.

அவர் சட்டைப்பையில் காகிதத்தில் மடித்த அச்சு வெல்லம் இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் தின்றால் பஞ்சு கீழே இறங்கிவிடும் என்று சூப்பர்வைசரே கொடுப்பாராம். எத்தனை முறைதான் சொல்வது! விழுங்கும் பொருள் உணவுக்குழாய் வழியே இரைப்பைக்குப் போகிறது. தூசியோ மூச்சுக்குழாயின் கிளைகளுக்குள் இருக்கிறது. விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்கிறது; தப்பித்தவறி ஒரு துணுக்கு உள்ளே போனாலும் புரையேறிக் கண் பிதுங்கிவிடும். அப்படியிருக்க, வெல்லமோ வாழைப்பழமோ எந்த வழியாகப் போய்த் தூசியை இழுத்து வரும்? தவிர, கண்ணுக்குத் தெரியும் பஞ்சு இழையைவிட, பேல் எனும் பஞ்சுப் பொதியைப் பிரிக்கும்போது பறக்கும் பருத்தி இலை, பூவிதழடிச் செதில் ஆகியவற்றின் நுண்துகளும் அதில் ஒட்டியுள்ள பாக்டீரியா நச்சும்தான் அதிகக் கேடு செய்கின்றன. கைக்குட்டை அவற்றைத் தடுக்காது.

முகத்தோடு பொருந்தும் என்95 முகக்கவசம் கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தையும் சட்டையையும் காற்றுக்குழாயால் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள். உறிஞ்சி எடுக்கும் கருவிதான் வேண்டும். பீடியை இன்றே விடுங்கள். விடுமுறைக்கு அடுத்த நாள், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சளவுச் சோதனை எடுக்கச் சொல்லி ஆலை மருத்துவரிடம் கேளுங்கள். தொடக்கத்திலேயே தூசியிலிருந்து விலகினால் நுரையீரல் மீளும். முற்றிய பிறகு மீளாது.

வேலை போய்விடும் என்று மறைப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் இது அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிடப்பட்டது, ஈஎஸ்ஐ காப்பீட்டிலும் இது தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டுள்ளது. எக்ஸ்ரே கட்டை வீட்டில் வைத்துவிட்டு, மூச்சு முட்டிய நாள்களையும் விடுமுறை நாள்களையும் குறித்த காலண்டர் தாளை எடுத்து வாருங்கள்.