லாரி டர்போவில் ஜெட் எஞ்சின்: முதலில் பார்க்க வேண்டியது வீலை

பழைய இரும்புக் கடையில் வாங்கிய லாரி டர்போ (ஒரே தண்டில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் வீலும், சூடான வாயுவில் சுழலும் டர்பைன் வீலும் கொண்ட டர்போசார்ஜர்), லேத் பட்டறையில் வெல்டிங் வைத்த எரிகலன், மண்ணெண்ணெய்க்கு ஒரு பம்ப். இவை இருந்தால் ஜெட் எஞ்சின் ஓடும்தான். புதுச்சேரி, கடலூர் பக்கம் இதை இறுதியாண்டு புராஜெக்டாக எடுக்கும் மாணவர்களின் கவனமெல்லாம் எரிகலன் மேல்தான் இருக்கிறது. அதற்கு எளிய கணக்கு உண்டு. எரிகலனுக்குள் காற்று நுழையும் துளைகளின் மொத்தப் பரப்பு கம்ப்ரசர் வீலின் வாய்ப் பரப்புக்குச் சமமாக இருக்கட்டும். அதில் 30 சதவீதம் முன்னால், 20 நடுவில், 50 கடைசியில். தப்பினால் இன்னொரு தகடு வாங்கித் திரும்பச் செய்யலாம். வீல் உடைந்தால் ஆளே போகலாம்.

மாடல் விமான எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 66 மி.மீ. வீல் நிமிடத்துக்கு 1,20,000 சுற்று ஓடும்போது விளிம்பின் வேகம் விநாடிக்கு சுமார் 415 மீட்டர். அந்த விளிம்பில் ஒரு கிராம் உலோகத்தைப் பிடித்து வைக்க 530 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். பிளேடு நுனியில் 0.01 கிராம் பெயர்ந்திருந்தால்கூட 5 கிலோவுக்கு மேல் ஓர் உதை, விநாடிக்கு 2,000 முறை பேரிங்கைச் சுற்றிச் சுற்றி அடிக்கும். லாரி டர்போ வீல் பெரியது, சுற்று குறைவு. ஆனால் விளிம்பு வேகத்தில் பெரிய வித்தியாசம் இராது. வேகம் 10 சதவீதம் கூடினால் விசை 21 சதவீதம் கூடும். அதனால் சுற்று காட்டும் சென்சாரும், கைக்கெட்டும் தூரத்தில் எரிபொருளை நிறுத்தும் வால்வும் இல்லாமல் பற்றவைக்கவே கூடாது. டர்பைனின் வார்ப்பிரும்புக் கூட்டைக் கழற்றிவிட்டு மெல்லிய தகடு போடாதீர்கள். வீலுக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது, வீடியோ எடுப்பவரும்தான்.

டர்போ வாங்கும்போது தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து "ஆட்டம் இருக்கு, வேண்டாம்" என்று வைத்துவிடுகிறார்கள். மிதக்கும் புஷ்ஷில் (எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடி தண்டைத் தாங்கும் வளையம்) அந்த ஆட்டம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். எண்ணெய் நிறைந்ததும் தண்டு நடுவே நின்றுவிடும். வீல் கூட்டில் உரசாமல் இருந்தால் போதும். தண்டின் முன்பின் அசைவைத்தான் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். 0.1 மி.மீ. தாண்டினால், தண்டை முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

எண்ணெய் பம்ப் முதலில் ஓட வேண்டும், பிறகுதான் காற்று ஊதி வீலைச் சுழற்றிவிடும் ப்ளோயர். சூடான நிலையில் 2 முதல் 4 பார் அழுத்தம் இருக்கட்டும். எண்ணெய் திரும்பும் குழாய் அகலமாக, நேராகக் கீழே இறங்க வேண்டும். அதை ஒடுக்கினாலும், தொட்டியை மேலே வைத்தாலும் எண்ணெய் டர்பைன் பக்கம் கசிந்து வெள்ளைப் புகை கக்கும். பலர் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலைக் குறை சொல்லி டர்போவையே மாற்றிவிடுகிறார்கள். நிறுத்திய பிறகும் 100 டிகிரிக்குக் கீழ் இறங்கும்வரை காற்று ஊதி, எண்ணெயையும் ஓட விடுங்கள். இல்லையென்றால் டர்பைன் பக்கத்து எண்ணெய் கரியாகிப் புஷ்ஷில் ஒட்டும்.

நம் ஊரில் கூடுதலாக ஒரு தொல்லை உப்பு. தேங்காய்த்திட்டிலோ கடலூர் முதுநகரிலோ படகிலிருந்து கழற்றிய டர்போ மலிவாகக் கிடைத்தால், அலுமினிய வீலின் பிளேடு அடியைக் கழுவி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஊசி குத்தியது போன்ற குழிகளில்தான் விரிசல் தொடங்கும். ஒரு குழி இருந்தாலும் அந்த வீல் வேண்டாம். சூடான பக்கத்தில் வேறு கதை: உப்பும் எரிபொருளின் கந்தகமும் சேர்ந்து சோடியம் சல்பேட்டாகப் படிந்து, 700 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நிக்கல் கலவையையே அரிக்கும். ஓட்டம் முடிந்து ஆறியதும் இரண்டு வாயையும் அடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பையை வாரம் ஒருமுறையாவது மாற்றுங்கள்.