பிக்ஸ்டு பாயிண்ட் இண்டெக்ஸ்: தமிழ்ல நிலைப்புள்ளிச் சுட்டெண்ணா?

பிக்ஸ்டு பாயிண்ட்னா என்னன்னு கேட்டா சிலர் டெசிமல் நம்பர்னு சொல்வாங்க, சிலர் அது முழு எண், அதாவது இன்டிஜர்தானேன்னு சொல்வாங்க, ரெண்டுமே ஒரு வகையில சரிதான், குழப்பமே அதனாலதான். ₹12.50-ஐ 1250னு சேமிச்சுட்டு கடைசி ரெண்டு இலக்கத்துக்கு முன்னாடி புள்ளி இருக்குன்னு நாமளா முடிவு பண்ணி வெச்சுக்கறோம்ல, அதான் பிக்ஸ்டு பாயிண்ட். மெமரில கிடக்கறது முழு எண், புள்ளியோட இடம் மட்டும் முன்னாடியே தீர்மானம் ஆனது, நகராது. எண்ணுக்கு எண் புள்ளி இடம் மாறினா ஃப்ளோட்டிங் பாயிண்ட்.

சரி, உள்ள முழு எண்தானே இருக்கு, அப்போ அர்ரேக்கு (வரிசையா நம்பர் போட்ட பெட்டிங்க மாதிரி) இண்டெக்ஸா, அதாவது எத்தனாவது பெட்டின்னு சொல்ற நம்பரா, அதையே குடுத்தா என்ன?

ஒரு காலத்துல அதான் சட்டமே. ஐபிஎம் 704 கம்ப்யூட்டருக்கு வந்த ஃபோர்ட்ரான் மொழி (மேனுவல் 1956 அக்டோபர், அதை மெஷின் மொழிக்கு மாத்தற கம்பைலர் 1957) இன்டிஜரைத்தான் பிக்ஸ்டு பாயிண்ட்னு கூப்பிட்டுச்சு. ஐ, ஜே, கே, எல், எம், என்ல ஆரம்பிக்கற வேரியபிள்னா பிக்ஸ்டு பாயிண்ட், மத்ததெல்லாம் ஃப்ளோட்டிங், அர்ரே சப்ஸ்கிரிப்ட்ல (இண்டெக்ஸுக்கு இன்னொரு பேரு) பிக்ஸ்டு பாயிண்ட் மட்டும்தான் வரலாம். இன்னிக்கும் லூப் எழுதும்போது ஐ, ஜேன்னு போடறோமே, அந்தப் பழக்கத்துல இதுக்கும் பங்கு இருக்கு (கணக்குல ஏற்கனவே கீழே எழுதற எழுத்துங்க அதுதான்). அதாவது புள்ளி கடைசி இலக்கத்துக்கு அப்புறம் நிக்கற எண்ணும் நிலைச்ச புள்ளி எண்தான். அப்புறம் இன்டிஜர்ங்கற பேரு தனியா பிரிஞ்சு போச்சு, பிக்ஸ்டு பாயிண்ட்னா பின்னம் இருக்கற எண்ணுன்னு ஆயிடுச்சு.

அடா மொழில (1983) பிக்ஸ்டு பாயிண்ட் டைப் (எண் வகை) மொழிக்குள்ளேயே இருக்கு, ஆனா இண்டெக்ஸா விடாது. இன்டிஜர் போடலாம், எழுத்து போடலாம், பூலியன் (சரி/தப்பு) கூட போடலாம், இது கூடாது. வெட்டி பிடிவாதம்னு தோணும், ஆனா காரணம் சரியானது. 0.1 இடைவெளில 0 முதல் 1 வரைன்னு ஒரு டைப் அறிவிச்சா 11 இடம்னுதான் நாம நினைப்போம், நீங்க தனியா சொல்லலன்னா கம்பைலர் வழக்கமா 0.1-க்கு உட்பட்ட 2-ன் அடுக்கா 1/16-ஐ எடுத்துக்கும், அப்போ 17 இடம். அடுத்த எண் எதுன்னே உறுதியா சொல்ல முடியாததை வெச்சு எப்படிங்க பெட்டிக்கு நம்பர் போடறது?

பின்னம் இருக்கற எண்ணை இண்டெக்ஸா குடுத்தா மத்த மொழிங்க ஆளுக்கு ஒரு தினுசு. ஆல்கால் 60 பக்கத்து முழு எண்ணுக்கு ரவுண்ட் பண்ணிக்கும், ஆர் மொழி 2.9 குடுத்தா பின்னத்தை வெட்டிட்டு 2-ன்னு எடுத்துக்கும், பைத்தான் லிஸ்ட் 1.0 குடுத்தாலும் எரர்தான். லுவா மொழில 1.5-ங்கறது தனி சாவி, அதுக்குன்னே ஒரு மதிப்பு வெச்சுக்கலாம். எனக்குப் பைத்தான் வழிதான் பிடிச்சிருக்கு, சத்தமில்லாம வெட்டறது எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியாம பண்ணிடும்.

ஆனா நடைமுறைல பிக்ஸ்டு பாயிண்டை வெச்சு டேபிள் பார்க்கறது ரொம்ப சகஜம், மொழி குடுக்காததை ஷிஃப்ட் பண்ணி (பிட்டுங்களை ஒரு பக்கமா தள்ளி) எடுத்துக்கறாங்க. 1993-ல வந்த டூம் கேம்ல ஒரு எண்ணோட 32 பிட்ல மேல் 16 முழுப்பகுதி, கீழ் 16 பின்னம். தரைக்குப் போடற படம் 64-க்கு 64 பிக்சல், அதனால 16 பிட் வலப்பக்கம் தள்ளிட்டு கடைசி 6 பிட்டை மட்டும் எடுத்தா படத்துல எத்தனாவது பிக்சல்னு கிடைச்சுடும், 63-ஐத் தாண்டினா தானா 0-க்கு வந்து படம் திரும்பத் திரும்ப ஒட்டிக்கும். கோணமும் அப்படித்தான், 32 பிட் கோணத்தை 19 பிட் தள்ளினா 13 பிட் மிச்சம், முழு வட்டத்துக்கு 8192 சைன் மதிப்பு. அந்தக் காலத்து இன்டெல் 486 எஸ்எக்ஸ் சிப்ல ஃப்ளோட்டிங் பாயிண்ட் யூனிட்டே கிடையாது, அந்த மெஷின்ல ஓடணும்ல.

இப்போ தமிழுக்கு வருவோம். ஃப்ளோட்டிங் பாயிண்ட் மிதவைப்புள்ளி எண், பிக்ஸ்டு பாயிண்ட் நிலைப்புள்ளி எண். வெறும் நிலைப்புள்ளின்னு விட்டா கணிதத்துல சார்புக்குள்ள போட்டா அதே மதிப்பா திரும்பி வர்ற புள்ளியோட குழம்பும், அதனால "எண்" கண்டிப்பா வேணும். அர்ரே அணி, சப்ஸ்கிரிப்ட் கீழொட்டு. இண்டெக்ஸ் லத்தீன்ல சுட்டிக்காட்டறதுங்கற வேர்லேர்ந்து வந்தது, ஆள்காட்டி விரலுக்கும் அதே பேரு, நமக்கும் சுட்டுவிரல் இருக்கு. சுட்டின்னு போடலாம்தான், ஆனா மெமரி முகவரியை வெச்சிருக்கற பாயிண்டருக்கும் அதையே சொல்றாங்க, இலங்கைப் பாடப்புத்தகத்துல அடுக்குக்கும் (2³-ல வர்ற 3 மாதிரி) சுட்டிதான், அதனால என் ஓட்டு சுட்டெண்ணுக்கு. டூம் பண்றதை அப்போ இப்படி எழுதலாம்: நிலைப்புள்ளி எண்ணோட முழுப்பகுதியைச் சுட்டெண்ணா எடுத்துக்கறது.